கம்பி வழியும் காற்று வழியும்

பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பாஸ் கிதாரை வாசிப்பவர் அவர். அவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாசிக்க ஆரம்பித்தால் கண் சொருகிவிடும், வாய் லேசாகப் பிளந்துகொள்ளும். பாய் போட்டுக் கொடுக்கலாமா என்று தோன்றும் பார்க்கிறவர்களுக்கு. அடப் பாவிகளா, மனுஷன் அப்போதுதான் முழுசாக விழித்திருப்பார்! குளத்தின் அடியில் மெல்ல நடந்து போவது மாதிரி இருக்கும் அவருக்கு.

அவர் வாசித்த பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்து என்ன பிரயோஜனம்? கட்டின பெண்டாட்டிக்கு அவற்றில் அவர் சத்தம் எதுவென்று தெரியாது. அவள் தையற்காரி, மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவள். "டிரம்ஸ் கேக்குது, அந்தப் பொண்ணு பாடறது கேக்குது. இதுல நீங்க எங்கங்க இருக்கீங்க?" என்பாள். வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கிதார் தந்தி முனகுகிற முனகலைத் தையல் மெஷின் விழுங்கிவிடும்.

அவள் அண்ணன் வேறு, தன் பெயின்ட் கடைக்கு வரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது இவருக்கு. "ரெக்கார்டிங்குக்கு ஒரு தடவை வந்து கேளு. அங்கேயும் நான் கேக்கலைன்னா, கிதாரை வித்துட்டு உங்க அண்ணன் கடையிலயே உக்காந்துடறேன்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள். ஜன்னலில்லாத அறை, தரையில் கம்பளம், சுவரில் பஞ்சு, நடக்கிற காலடியே கேட்காத அமைதி. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலிருந்து ஒரு மின்கம்பி நேராகப் பதிவுக் கருவிக்குப் போனது. முன்பக்கம், ஸ்பீக்கரை ஒட்டி ஒரு மைக். அவள் பக்கத்திலிருந்து கேட்கட்டும் என்று அங்கே ஒரு நாற்காலி போட்டார். ஒலிப்பதிவு செய்கிற பெண் விடவில்லை. "அண்ணி, புடவை சரசரக்கும். நீங்க என்கூட வாங்க" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டாள்.

வாசித்தார். முடிந்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"கொசு பாடற மாதிரி இருக்குங்க" என்றது ஹெட்போனில் அவள் குரல்.

தொலைந்தது. பெயின்ட் டப்பாக்களின் வாசனையே மூக்கில் ஏறிவிட்டது அவருக்கு.

"அண்ணி சொல்றது சரிதாண்ணே" என்றாள் பதிவுக்காரி. "கம்பியில வர்றதை மட்டும் கேட்டா நல்லாருக்கு. மைக்ல வர்றதை மட்டும் கேட்டாலும் நல்லாருக்கு. ரெண்டையும் சேத்தா ஆளையே காணோம். மைக்கை யாரு நகத்தினது?"

"அவ உக்காரட்டுமேன்னு நாற்காலி போட்டேன்... அதுக்கு இடம் வேணும்னு மைக்கைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினேன்."

"பாசத்துக்கும் ஒரு அளவு வேணாமாண்ணே!" உள்ளே வந்தவள் மைக்கைப் பழையபடி ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனாள். "கம்பி வழியா வர்ற நீங்க முன்னாடியே வந்துடறீங்க. காத்துல வர்ற நீங்க பின்தங்கிடறீங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அமுக்கிக்கறீங்க. இப்ப வாசிங்க."

வாசித்தார். நல்ல கனமாக, வெதுவெதுப்பாக எழுந்தது சத்தம். அறையே அதில் மிதந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வாசிக்கும்போதே கண்ணைத் திறந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் இவரைப் பார்க்கவே இல்லை. தலை குனிந்து, கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... தூக்கத்துல என் முதுகுல தட்டுவீங்களே, இதுதானா அது?"

விரல் அப்படியே நின்றுவிட்டது. "நானா? தட்டறேனா?"

"கல்யாணமான நாள்லேருந்து. அது நின்னாதான் எனக்கு முழிப்பே வரும்." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க."