பட்டியலில் இல்லாத நாடு

விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தில் 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் இருந்தது. அழுத்தினால் நாடுகளின் பட்டியல் விரியும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதை முதன்முதலாக அழுத்தினேன். கயானாவுக்கு அடுத்து நேராக இந்தோனேசியா. இந்தியா இல்லை. பக்கத்தை மூடித் திறந்தேன். கைப்பேசியிலும் திறந்து பார்த்தேன். மூடித் திறந்தால் ஒரு நாடு வந்துவிடும் என்று நம்பிய அந்த ஐந்து நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஹனோவரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நிலத்தடி நீரை ஆராய்கிறவள் நான். கடல் நீர் கிணறுகளுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரை என்பதால் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் வந்தேன். அப்போது என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது. வேலை இல்லையென்றால் இங்கே விசாவை நீட்டிப்பது பெரும்பாடு.

அந்த நேரத்தில் வந்ததுதான் இந்தத் திட்டம். முஸ்லிம் நாடுகள் பல சேர்ந்து அறிவியலுக்கும் கல்விக்கும் பொதுவாக ஒரு நிதி வைத்திருக்கின்றன. அதிலிருந்து உதவி கேட்டு, வங்காளதேசம், எகிப்து, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் கடலோர ஊர்களில் வேலை செய்வதாக ஏற்பாடு. உப்பேறிய தண்ணீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று அந்தந்த ஊர்ப் பள்ளி மாணவிகளே அளந்து சொல்லப் பழக்க வேண்டும். அவர்கள் அளந்ததை எங்கள் ஆய்வகம் சரிபார்க்கும். தலைமை, டாக்காவில் இருக்கும் ஒரு பெண் மருத்துவர். ஊர்களுக்கும் ஹனோவருக்கும் நடுவே நின்று வேலை பார்க்க மூன்று வருடத்துக்கு ஓர் ஆய்வாளர் பதவி. அது எனக்கென்று பேசி வைத்தது.

பேசி வைத்தபோது யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. நான் முக்காடு போட்டிருந்தேன், சலாம் சொன்னேன், நோன்பு மாதத்தில் இணையவழிக் கூட்டங்களை யாருடைய நோன்பு திறக்கும் நேரத்தையும் இடிக்காமல் வைத்தேன். மருத்துவர் என்னை 'நம்ம பெண்' என்பார். அவ்வளவு போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே பதவி என்று விதிகளின் முதல் பக்கத்திலேயே இருந்தது. எண்பது பக்கத் திட்டத்தை வரி வரியாக எழுதியவள், அந்த ஒரு வரியை மட்டும் யாருக்கோ சொன்னது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

வியாழன் மாலைக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை, சனியும் ஞாயிறும் எங்களுக்கு. வாரத்தில் நான்கு நாள்தான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். அதில் திங்களை யாரிடமும் சொல்லாமல் தின்று தீர்த்தேன். நிதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பட்டியலில் உள்ளபடிதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன், குடிக்காமல் திரும்பினேன். டிராமில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

செவ்வாய் மதியம் உம்மா கூப்பிட்டார்.

"என்ன மவளே, வேலைய நீட்டிட்டாங்களா?"

"ஆயிடும்மா. பேப்பர் வேலை நடந்துக்கிட்டு இருக்கு."

"நம்ம ஆளுவ நாடெல்லாம் சேந்து குடுக்குற வேலதானே. அல்லா ஒனக்கு ஆக்கித் தருவான்."

நம்ம ஆளுவ. ஏதோ அவசரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உம்மாவிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பொறுப்பேற்றுச் சோதிப்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அகதியாக வந்து, இங்கேயே தொழில் படித்து, முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். புதன் காலை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, கழுவின போத்தலையே திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டு நிக்கிறீர்?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"இதை அந்த டொக்டரிட்டைச் சொன்னனீரோ?"

"இல்லக்கா. சொன்னா மொத்த புரபோசலையும் நிறுத்திடுவாங்களோன்னு டென்ஷனா இருக்கு."

"சொல்லாட்டி மட்டும் என்ன? பிழையான ஆளைப் போட்டு விண்ணப்பம் போனால் முழுதையும் நிராகரிச்சுப்போடுவாங்கள். ஒரு கட்டம் பிழையெண்டு என்ரை அகதி அன்ட்ராக்கை நாலு தரம் திருப்பி அனுப்பினவங்கள். உமக்கு அந்த வேலை ஏலாது எண்டால் ஏலாதுதான். அதுக்காக அந்தக் கர்ப்பிணிப் பெட்டையளின்ரை வேலையும் கெடவேணுமோ? இண்டைக்கே சொல்லும்."

கையில் இருந்த போத்தலை வாங்கி வைத்துக்கொண்டார். நான் வெளியே படிக்கட்டுக்குப் போய் டாக்காவுக்குப் பேசினேன்.

என் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்று சொன்னேன். மருத்துவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நீ தமிழ் பேசுகிறவள் என்பதால் மலேசியாக்காரி என்று நினைத்துவிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல், "வேறு பெயர் வேண்டும், நாளைக்குள்," என்றார். "உங்கள் ஆய்வகத்திலேயே ஒரு சூடான்காரர் இருக்கிறாரே, நமக்கு வரைபடமெல்லாம் போட்டுத் தந்தவர். அவர் முடியாதா?"

"அவருக்கு மூன்று வருட அனுபவம்தான். நாம் ஐந்து வருடம் கேட்டிருக்கிறோம்."

"ஐந்தா? அவ்வளவு எதற்கு? யார் போட்டது?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

போட்டது நான். அந்தச் சூடான்காரர் எனக்கு எதிர் மேசையில் உட்காருகிறவர். அவர் நாட்டில் போர். அவரை அனுப்பிய பல்கலைக்கழகம் மூடிக் கிடக்கிறது, அங்கிருந்து வந்த உதவித்தொகையும் நின்றுவிட்டது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வசந்த காலத்தில் ஒருநாள் என்னிடம் வந்து, இந்தத் திட்டத்தில் தனக்கு ஏதாவது இடம் இருக்குமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். பதவிக்கான தகுதிகளை நீயே எழுதிவிடு, உனக்குத்தானே என்று மருத்துவர் என்னிடம் விட்டிருந்தார். முதலில் இரண்டு வருடம் என்றுதான் எழுதியிருந்தேன். சூடான்காரர் வந்து கேட்டுவிட்டுப் போன அன்றே அதை ஐந்தாக்கினேன். எனக்கு ஆறு வருட அனுபவம் இருந்தது.

புதன் மதியம் ஐந்தை அழித்து மறுபடி இரண்டு என்று போட்டேன். பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை. வயிறு எரிந்தது. நான் எழுதிய எண்பது பக்கம், நான் தேர்ந்தெடுத்த கிணறுகள், என் பெயர் இருந்த இடத்தில் இன்னொருவர் பெயர். அவரைக் கூப்பிட்டு, சம்மதமா என்று மட்டும் கேட்டேன். சம்மதம் என்றார். காரணம் கேட்கவில்லை. வியாழன் நண்பகலில் விண்ணப்பம் போனது.

உதவி கிடைத்துவிட்டது. அதற்குள் எங்கள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் எங்கிருந்தோ தேடிப் பிடித்து எனக்கு ஆறு மாத நீட்டிப்பு வாங்கித் தந்திருந்தார். அந்த ஆறு மாதத்தில் என் வேலை, அந்தப் பதவிக்குச் சூடான்காரரைத் தயார்ப்படுத்துவது. அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது.

செய்தி வந்த அன்று அவர் என் மேசைக்கு வந்து நன்றி சொன்னார். குடும்பத்தைக் கெய்ரோவிலிருந்து வரவழைக்க இனி முயலலாம் என்றார். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அந்த ஐந்து வருடத்தைப் போட்டது நான்தான்," என்றேன். "உங்களைத் தவிர்ப்பதற்காகத்தான் போட்டேன்."

"தெரியும்," என்றார். "எல்லாரும் சேர்ந்து எழுதிய கோப்பு அல்லவா? யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று ஓரத்தில் காட்டுமே. அன்றைக்கே பார்த்தேன்."

அன்றைக்கே. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் கேட்ட வரைபடங்களையெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"உங்களுக்கும் அந்த வேலை அவ்வளவு தேவையாக இருக்கிறது என்று புரிந்தது," என்றார். தன் இடத்துக்குப் போய் டாக்காவுக்கான விமானச் சீட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. ஒரு நாளாவது நான் முதலில் சலாம் சொல்லிவிட வேண்டும் என்று இப்போதெல்லாம் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து உட்காருகிறேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கணினித் திரைக்குக் குனிந்துவிடுகிறேன். அவர்தான் முதலில் சொல்கிறார்.