தலைநகர வானொலியில் நான் சொன்ன மூணாம் நாள்

மலையாள நாட்டுத் தலைநகரத்து வானொலி நிலையத்தின் சரித்திரத்தைப் படித்தவர்கள் எழுதுவார்கள். எப்போது கட்டடம் எழும்பியது, யார் விளக்கேற்றினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தச் சரித்திரத்தில் எனக்கும் ஐந்து நிமிஷம் உண்டு. அதை மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் வேலந்தாவளத்துப் பக்கம் எங்களுக்குக் கடலைக்காடு. ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுத்து, சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். காலையில் பக்திப் பாட்டு, சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி. மலையாளத்தில்தான். எல்லையில் இருப்பவனுக்கு அது ஒரு குறையில்லை.

குறை வேறு. மூன்று வயது மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு ஒரே அண்ணன். நாங்கள் புது வீடு குடிபோன அன்று அவருக்கு இரண்டாம் பந்தியில் இலை விழுந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்தவர் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் போய்த்தான் நின்றார். போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பின.

அந்தச் சித்திரையில் நிலையத்து ஆபீசர் ஒருவர் டேப் மிஷினோடு ஜீப்பில் வந்தார். கடலையில் கம்பளிப்பூச்சியை ஒழித்த கதையை நான் சொல்ல வேண்டுமாம். தமிழிலேயே பேசலாம், பிறகு மலையாளத்தில் அவர் விளக்குவாராம்.

மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அண்ணன் அந்த நிகழ்ச்சியை ஒரு நாள் உடாமக் கேக்குதாமா. வைகாசி பத்தாந்தேதி காதுகுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"உங்க அண்ணன் கேக்கறதே தப்புக் கண்டுபுடிக்கத்தானாமா, புள்ள."

"எதுக்கோ கேக்குதில்லீங்க."

மைக்கை நீட்டினார்கள். சாமியைக் கூப்பிடாமல் நாங்கள் எதையும் ஆரம்பிப்பதில்லை. குலதெய்வம், ஊர் மாரியம்மன், பழனி முருகன் என்று வரிசையாகச் சொன்னேன். நிலையம் இருக்கிற ஊரின் சாமியை விடக்கூடாது என்று பத்மநாப சுவாமியையும் சேர்த்தேன். ஆபீசர் மிஷினை நிறுத்தினார்.

"சேட்டா, ஈஸ்வரன்மார் மதி. புழுவைப் பற்றிப் பறயு."

சாமிகள் போதுமாம். பறைந்தேன். "எங்க மச்சான் சொல்லிக் குடுத்ததுங்க. கோடை மழை பேஞ்ச மூணாம் நாள், பொழுது சாஞ்சதும் வரப்புல தீ போட்டா, புழுவுக்குத் தாயான அந்துப்பூச்சி பூராவும் வந்து உழுந்துருமுங்க." அதோடு ஒரே மூச்சில் காதுகுத்தையும் சொல்லி முடித்தேன்.

அடுத்த வாரம் ஒலிபரப்பு. விளக்கேற்றி வைத்துக் கேட்டோம். சாமிகள் ஒருவரும் இல்லை. காதுகுத்தும் இல்லை. மச்சானும் மூணாம் நாளும் மட்டும் இருந்தன. மூணாம் நாள் தப்பு என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் தீ போட்டது மழை பெய்த அன்றுதான்.

"பூச்சிக்கு எடமிருக்குது, எம்புள்ளைக்கு எடமில்லீங்களா?" என்று மனைவி எழுந்து போனாள்.

முருகன் படத்தைப் பார்த்தேன். ரேடியோவை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில், வாசலில் மச்சான் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"ஏனுங் மாப்ள, நான் எப்பங்க மூணாம் நாள்னு சொன்னேன்? மூணாம் நாளு அது முட்டை வெச்சுப்போட்டுப் போயிருமுங்களே! நான் சொன்னேன்னு நாடு பூராவும் சொல்லி வெச்சிருக்கறீங்க!"

"உள்ள வாங்க மச்சான்."

"வரலீங்க. மொதல்ல நெலையத்துக்கு ஒரு கார்டு எழுதுங்க."

அவர் வாசலில் நின்றபடியே சொல்லச் சொல்ல எழுதினேன். பாதிக் கார்டில் மகள் சொம்புத் தண்ணீரோடு வந்தாள். யாரென்று அவர் கேட்கவில்லை. தங்கச்சியின் முகம் அப்படியே இருந்தது. வாங்கிக் குடித்தார். செருப்பு கழன்றது. உள்ளே என் மனைவி ஒரே ஓர் இலை போட்டிருந்தாள். அவர் சாப்பிட்டு எழும் வரை வீட்டில் வேறு யாருக்கும் இலை போடவில்லை.

வைகாசி பத்தாந்தேதி அவர் மடியில்தான் காது குத்தினோம். மகள் அழுததைவிட அவர் அழுதது அதிகம்.

அந்தக் கார்டை நிலையத்தில் வாசித்தார்களா, தெரியாது. நான் சரியாகச் சொல்லியிருந்தால் மச்சான் வந்திருக்க மாட்டார். ஆகவே என் நாக்கைக் குழற வைத்தது சாமிதான். எந்தச் சாமி என்று தெரியாததால், அன்று கூப்பிட்ட எல்லோருக்கும் ஒவ்வொரு தேங்காய் உடைத்தேன். பத்மநாப சுவாமிக்கு மட்டும் இன்னும் உடைக்கவில்லை. தலைநகரம் தூரம்.