காயாத வெள்ளை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வரைந்து முடித்த மூக்கை மறுபடி தொடாமல் இருக்க முடியாது. காலையில் லட்சணமாக இருந்த மூக்கு, மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் கோணலாகத் தெரியும். உடனே தூரிகையை எடுத்துவிடுவேன். இப்படிப்பட்டவன் எண்ணெய் வர்ணத்தில் முகம் எழுத வந்தால், தன் கைக்கு எந்த வர்ணம் ஒத்துவரும் என்று தன்னையே கேட்டிருக்க வேண்டும். நான் போய் என் நண்பனைக் கேட்டேன்.

அவன் சேலத்துக் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவன். ஒரே நாளில் மூன்று பலகையை முடித்துவிட்டு மாலையில் சீட்டாடப் போய்விடுவான். "ஈய வெள்ளை வாங்குய்யா. இன்னிக்குப் பூசினா நாளைக்குக் காஞ்சிடும்" என்றான். சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தேன். அவன் சொன்னது சத்தியம், மறுநாளே காய்ந்தது. என் தலைவலியும் அன்றே ஆரம்பித்தது. மூக்கைத் திருத்தப் போனால் அது கல்லாக இறுகிக் கிடக்கும். கத்தியால் சுரண்டுவேன். அம்மாபேட்டையில் அக்கம்பக்கத்துத் தறியெல்லாம் நின்ற பிறகும் என் வீட்டில் சுரண்டும் சத்தம் கேட்கும். அப்படிச் சுரண்டியே ஒரு பெரிய மனிதரை மூக்கில்லாதவர் ஆக்கினேன்.

ஊரார் யோசனையைத் தலைமுழுகிவிட்டு வேறொரு வெள்ளை வாங்கினேன். கசகசா எண்ணெயில் அரைத்த துத்தநாக வெள்ளை. ஆமாம், பாயசத்துக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். பத்து நாள் ஆனாலும் வெண்ணெய் மாதிரி இளக்கமாக இருக்கும். எத்தனை தடவை தொட்டாலும் கோபித்துக்கொள்ளாது. என் புத்திக்கென்றே செய்தது போலிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணையார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெரியவர் தவறி வருஷம் முடியப்போகிறது. வருஷ திதியன்று அவர் படத்துக்கு மாலை போட வேண்டும். கையில் கொடுத்த போட்டோவில் முகம் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. படம் பிடித்துப்போனால் பங்காளி வீடுகளில் எல்லாம் எனக்கு வேலை. பிடிக்காவிட்டால் நண்பனோடு சேர்ந்து 'மிட்டாய்க் கடை' என்று எழுத வேண்டியதுதான். ஆகவே பயபக்தியோடு எழுதினேன். எழுதி முடித்ததைத் திருத்தினேன். திதிக்கு முதல் நாள் சாயங்காலம்கூடக் கன்னத்தில் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றி, இன்னும் கொஞ்சம் வெள்ளை வைத்தேன்.

மறுநாள் ஈரப் படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். எதிரில் இருந்த அம்மாள் சங்ககிரி வரைக்கும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

பண்ணையார் வீட்டில் ஊரே கூடியிருந்தது. மகன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "ஏனுங்க, நெத்தியில பொட்டு வெச்சரலாமுங்களா?" என்றார். விரல் பட்டால் நெற்றியே பெயர்ந்து வந்துவிடும்.

"சந்தனம் சட்டத்துலதாங்க வைக்கணும். எண்ணெய்ப் படத்துக்கு அதுதான் முறை" என்று ஒரு போடு போட்டேன். ஒரு முதியவர், "அப்படித்தானுங்க" என்று, ஐம்பது வருஷமாகத் தெரிந்தவர் போல ஒத்துப்பாடினார். மாலையையும் முகத்தில் படாமல் சட்டத்துக்கு வெளியே கட்டவைத்தேன். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எனக்கு இலை போட்டும் போகப் பயமாக இருந்தது. படத்துக்குக் காவலாக நின்றேன்.

அப்போது உள் அறையிலிருந்து பெரியவரின் மனைவி வந்தார். வெள்ளைச் சேலை. அதுவரை கூட்டத்துக்கு முன்னால் அவர் வரவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கையை நீட்டிக் கன்னத்தைத் தடவிவிட்டார்.

கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தடம் கன்னத்தில் விழுந்தது. வர்ணம் அவர் விரலில் இருந்தது.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. இன்னும் காயலீங்க. முறைன்னு சொன்னதெல்லாம் பொய்ங்க. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்று பையைத் திறந்தேன். தூரிகை இல்லாமல் நான் எங்கே போனேன்?

"வேண்டாமுங்க சாமி" என்றார். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவிய போன அன்னைக்கு நான் மயங்கி உளுந்துட்டனுங்க. கண்ணு முளிக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒருக்கா மொகத்தத் தொட்டுப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க. அது அப்படியே இருக்கட்டுமுங்க."

பையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பங்காளி வீட்டு வேலைகள் வந்தன. எல்லா வீட்டிலும் சந்தனத்தைச் சட்டத்தில்தான் வைத்தார்கள். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. வெள்ளையை மட்டும் நான் மாற்றவில்லை. அடுத்த வருஷம் அந்த வழியாகப் போனபோது பண்ணையார் வீட்டில் நுழைந்து படத்தைப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. மூக்கு கொஞ்சம் கோணல்தான். பையிலிருந்து தூரிகையை எடுத்துச் சரிசெய்தேன். கன்னத்தைத் தொடவில்லை.