நாற்காலியை விட்டு எழுந்த லில்லி அக்கா

தோழிகளே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வியாழன்தோறும் பள்ளியில் சத்து மாத்திரை வரிசையில் என்னோடு நிற்பவர்கள் நீங்கள். லில்லி அக்காவை உங்களுக்குத் தெரியும். படித்ததும் கிழித்துவிடுங்கள். என் அப்பா கண்ணில் மட்டும் படவே கூடாது.

செய்தி அந்த வரிசையில்தான் வந்தது. மாத்திரைப் பெட்டியோடு வேறொரு நர்ஸ் நின்றார். "லில்லி அக்கா வரலியா?" என்றேன். "விடியக்காலம் நெஞ்சு வலிச்சிருக்கு மக்கா. ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டாவ" என்றார். எனக்குள் முதலில் எழுந்த கேள்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசாரணை முடிந்து வரவேண்டிய ஆர்டர் அவர் கைக்கு வந்திருந்ததா?

எல்லாம் சில மாதங்களுக்கு முன் கிராமசபையில் தொடங்கியது. அங்கே அலுவலர்களுக்கு நாற்காலி, ஊர்க்காரர்களுக்குப் பாய். ஊர் நர்ஸான லில்லி அக்கா நாற்காலியில் இருந்தார். குடிதண்ணீர்ப் பேச்சு வந்ததும் எழுந்தார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார். கீழே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"எங்க போறிய சிஸ்டர்?" என்று ஊராட்சித் தலைவர் சிரித்தார்.

"அங்கன இருந்தா நான் ஆபீஸ். இங்கன இருந்தா நானும் தண்ணி பிடிக்கியவ. சாக்கடையும் குடிதண்ணிக் குழாயும் ஒரே குழியில கெடக்கு. பிள்ளையளுக்கு வயித்தால போகுது. எழுதிக் குடுத்தாச்சு, பதிலில்ல. இப்போ வாயால சொல்லுகேன்."

நான் அதை ஃபோனில் வீடியோ எடுத்தேன். ஊர் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு, என் பெயர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நீளமாக இருந்ததால் தொடக்கத்தை வெட்டிவிட்டேன். அவர் எழுந்ததும் அட்டையைக் கழற்றியதும் பாயில் உட்கார்ந்ததும் அதோடு போயின. மிஞ்சியது சீருடைச் சேலையும் முகமும் சாக்கடைப் பேச்சும்தான்.

வீடியோ பரவியதும் குழாயை மாற்றினார்கள். அக்காவுக்கு மெமோவும் வந்தது. அரசு ஊழியர் அலுவலராக இருந்துகொண்டே நிர்வாகத்தைப் பொதுவில் குறை சொன்னாராம். வேலை போகலாம் என்றார்கள். அவர் அலுவலர் வரிசையில் இருந்தபடியே பேசினார் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், ஊராட்சிச் செயலரான என் அப்பா.

"அவ பாயில இருந்தத நீங்க பாக்கலியா?" என்று அம்மா கேட்டார்.

"பாத்தேன். கையெழுத்துப் போடலேன்னா அடுத்த மெமோ எனக்கு. அரசாங்கச் சம்பளம் வாங்குறவன் வாயைப் பொத்தணும், கேட்டியா?"

முழு வீடியோ என்னிடம் இருந்தது. கொடுத்தால் அப்பா பொய்யர். கொடுக்காவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. இரண்டு வியாழக்கிழமைகள் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது வியாழன், மெமரி கார்டைத் தாளில் சுற்றி அவர் கையில் வைத்து, வெட்டியது நான்தான் என்றேன். அக்கா அதைப் பர்சில் போட்டுக்கொண்டு மாத்திரையை நீட்டினார். "வீடியோவத்தான் வெட்டின. மாத்திரையயாவது முழுசா முழுங்கு" என்றார்.

நாகர்கோவில் விசாரணையில், எடுத்தது யார் என்று துருவிக் கேட்டார்களாம். "'பாயில இருந்த ஊரு எடுத்துது சார்'னு சொல்லிட்டேன். பயப்படாண்டாம்" என்று பிறகு வரிசையில் என் காதருகே சொன்னார். கடைசிவரை என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடக்கத்துக்குப் போன இடத்தில் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அவர் கணவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "முந்தின நாள்தான் ஆர்டர் வந்துது. ஊர்க்காரியாப் பேசினது குத்தமில்லன்னு போட்டிருந்துது. மூணு மட்டம் திருப்பித் திருப்பி வாசிச்சா. பொறவு ஃபேனப் போட்டுட்டு, எத்தனையோ நாளைக்குப் பொறவு நல்லா உறங்கினா." கல்லறைச் சுவரில் சாய்ந்து அழுதேன். எல்லாரும் துக்கம் என்று நினைத்தார்கள். பாதிக்கு மேல் நிம்மதி.

அப்பாவும் வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றார். முழு வீடியோவில் ஓரிடத்தில் அவர் திரும்பி நேராக என் ஃபோனைப் பார்க்கிறார். விசாரணையில் அதை அவருக்கும் போட்டுக் காட்டியிருப்பார்கள். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: பேசுவதற்கு முன், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்ப்பது, தேவையானால் எழுந்து இடம் மாறி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. வெளியில் நின்றபடியே சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன்:

"ஏட்டி, லில்லியப் பத்தித்தான எழுதுக? நான் போட்ட கையெழுத்தயும் எழுது மக்கா. அது பொய்யின்னும் எழுது."