சறுக்கினேன், விழவில்லை: மகள் குடியேற மலையூர் பார்த்துவந்த பயணம்

நான் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன் என்று எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியிலும் ஏரியூரிலும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் சறுக்கினேன், விழவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

தவறு எங்கே தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். என் மகள் கல்பனா மலையிலிருந்து ஏரியூரில் இருக்கும் தன் சித்தப்பாவுக்கு, அதாவது என் கொழுந்தனாருக்கு, போன் செய்து, "அம்மாவும் சறுக்குனாங்க சித்தப்பா" என்றாள். அவள் சொன்னது பனிச்சறுக்கு. எங்கள் பக்கத்தில் சறுக்குவது என்றால் குளியலறைத் தரையில் சறுக்குவதுதான். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். செய்தி பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் என் இடுப்பு உடைந்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை அடுத்த வீட்டு மாதம்மாள் ரொட்டிப் பொட்டலமும் சாத்துக்குடியுமாக வந்தாள். கதவைத் திறந்தது நான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள்.

"எழுந்து நடக்கலாமுன்னு டாக்டரு சொல்லிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

விழவே இல்லை என்றேன். நம்பவில்லை. "வெளிய சொல்ல வேணாம்னா நான் சொல்லலக்கா" என்று ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இப்படியொரு ஊர் தேடிப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

கல்பனாவுக்கு முப்பத்தெட்டு வயது. பெங்களூருவில் தனியாகத் தங்கி, அங்குள்ள நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இருபத்தாறு வயதில் மணாலியில் பனிச்சறுக்கு கற்றாள். அதன்பின் ஒரு குளிர்காலத்தைக்கூட அவள் விட்டதில்லை. இப்போது புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறாள். விடுமுறைக்குப் போய்வருவது போதவில்லை, ஒரு மலையூரிலேயே குடியிருக்கப் போகிறேன் என்று தை மாதம் சொன்னாள். "மலையில செட்டில் ஆகப்போறேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டுக் கொழுந்தனார், மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். அது தனிக் கதை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "நீங்களும் என்கூட வந்துருங்கம்மா. ஊரை ரெண்டு பேரும் பாத்து எடுக்கலாம்." என் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

புறப்பட்டது மாசி மாதக் கடைசியில், மார்ச் முதல் வாரம். குடியிருக்க ஊர் பார்ப்பவர்கள் பனி இருக்கும்போதே போக வேண்டும். மே மாதம் போனால் எல்லா மலையூரும் அழகாகத்தான் இருக்கும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையம் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். என்னை அழைத்துப்போக வந்திருந்த கல்பனாவும் நானும் காலை ஐந்துக்குக் கிளம்பி ஒன்பதரைக்குச் சேர்ந்தோம். நகரத்துக்குள் நுழைந்தபின் போகும் நேரத்தைக் கூட்டியே கணக்கிடுங்கள். வாடகைக் காருக்கு நாலாயிரத்து ஐந்நூறு, சுங்கம் தனி. ஓட்டியவர் எங்கள் ஊர் அன்வர். எதற்குப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டார். ராயக்கோட்டை வந்ததும், "அங்க என்னாங்கம்மா வெளையும்?" என்றார். ஆப்பிள், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி என்றேன். "அப்ப பரவால்லைங்க. வெளையற ஊருதான்" என்றார். நாங்கள் தேர்ந்தெடுக்கப் போகும் இடத்தைப் பற்றி ஊரில் ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

விமான நிலையத்தில் எனக்காகச் சக்கர நாற்காலி ஒன்று காத்திருந்தது. கல்பனா என்னிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்தேன். நடை நீளம்தான். முழங்கால் வலி இருப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

விமானத்தில் டெல்லி, அங்கிருந்து மணாலிக்கு இரவுப் பேருந்து. ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், பதினான்கு மணி நேரம், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. சண்டிகரில் ஒரு இரவு தங்கிப் பகலில் போங்கள். திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முதலில் பார்த்தது மணாலிக்குச் சற்று மேலே இருக்கும் வசிஷ்ட். இரண்டாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். ஏற்காட்டில் கான்வென்ட் விடுதியில் ஏழு ஆண்டுகள் இருந்தவள் நான். குளிரும் மூடுபனியும் எனக்குப் புதிதல்ல. வசிஷ்டில் நடக்கவோ மூச்சு விடவோ சிரமம் இல்லை. பார்த்த வீட்டில் இரண்டு அறைகள், மாதம் பதினெட்டாயிரம் வாடகை. படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறது. கீழே இறங்கினால் கடைத்தெரு, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. இமாசலத்தில் வெளிமாநிலத்தவர் நிலம் வாங்க அரசின் அனுமதி வேண்டும். ஆகவே வாடகை வீடுதான் பார்த்தோம்.

ஆனால் வாசலில் பனி இல்லை. சாலையோரத்தில் அழுக்காகக் கொஞ்சம் கிடந்தது. சறுக்க வேண்டுமானால் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கும் கீழ்ச்சரிவில் மார்ச்சில் புல் தெரியத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் நாள் சிசு என்ற ஊருக்குப் போனோம். ரோதாங் மலைக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை இருக்கிறது. அதைத் தாண்டியதும் சிசு. மணாலியிலிருந்து நாற்பது கிலோமீட்டர், போய்வர டாக்சிக்கு மூவாயிரம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மரமே இல்லை, எங்கும் வெள்ளைதான். மூவாயிரத்து நூறு மீட்டர் உயரம். மணாலியில் இரண்டு இரவாவது தங்கி உடம்பைப் பழக்காமல் இங்கே ஏறாதீர்கள். எனக்கு முதல்நாள் தலைவலி இருந்தது. கல்பனாவிடம் சொல்லவில்லை. அது சரியல்ல. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அங்கே வாடகைக்கு வீடு வைத்திருந்து எங்களை இரண்டு இரவு தங்கவைத்தவர் டோல்மா என்ற பெண்மணி. என் வயதுதான் இருக்கும். பள்ளி நாளில் நான் இந்திப் பரீட்சைகள் எழுதியது ஐம்பது ஆண்டுகள் கழித்து உதவியது. வாடகை ஒன்பதாயிரம். தடித்த மண்சுவர், நடுவில் கணப்பு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. மாவட்ட ஆஸ்பத்திரி கேலாங்கில், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெரும்பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள், சுரங்கத்தையும் மூடுவார்கள். திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று டோல்மா ஒளிக்காமல் சொன்னார்.

கல்பனா அவரிடம் நிறையக் கேட்டாள். சாலை மூடியிருக்கும்போது ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வார்கள். கழிப்பறைக்கு வெளியே போக வேண்டுமா. தண்ணீர்க் குழாய் உறைந்தால் யார் கொண்டுவருவார்கள். படியில் பனியை யார் ஒதுக்குவார்கள். பகலில் அவள் வெளியே போயிருக்கும்போது வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா. டோல்மா தானாகவே, இந்த ஆண்டு பனி நன்றாக விழுந்தது என்று ஆரம்பித்தார். கல்பனா தலையசைத்துவிட்டு மறுபடி கழிப்பறைக்குப் போய்விட்டாள், கேள்வியில்தான்.

கணப்பருகே உட்கார்ந்து உப்புத்தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு ஊர், இரண்டு வீடு, இத்தனை கேள்விகள். பனிச்சறுக்குக்காக ஊர் பார்க்க வந்தவள் சறுக்குகிற பனியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் என்னைப் பற்றியதுதான்.

மறுநாள் காலை அவள் சறுக்குவதைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் படங்களில் பார்த்ததோடு சரி, நேரில் அதுதான் முதல்முறை. ஊருக்குப் பின்னால் இருந்த சரிவில் கால்பலகைகளை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஏறினாள். உச்சியில் ஒரு புள்ளியாக நின்றாள். பிறகு இறங்கினாள். வளைந்து வளைந்து வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பனி எழும்பி அடங்கியது. சத்தமே இல்லை. வீட்டில் அவள் எப்போதும் தோளைக் குறுக்கித்தான் நடப்பாள், நிமிர்ந்து நட என்று நான் சொல்லாத நாளே இல்லை. அங்கே யாரும் சொல்லாமலே நிமிர்ந்து வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றதும், "குளிருதாம்மா? உள்ள போலாமா?" என்றாள். தோள் பழையபடி குறுகிவிட்டது.

நானும் சறுக்குகிறேன் என்றேன். கொஞ்சம் வீம்பு அதில் உண்டு, மறுக்கவில்லை. அவள் வேண்டாம் என்றாள். சரிவென்றே சொல்ல முடியாத ஓர் இடத்தில் டோல்மாவின் மருமகள் எனக்குப் பலகைகளை மாட்டிவிட்டாள். ஒரு பேருந்தின் நீளத்துக்குச் சறுக்கினேன், தானாக நின்றேன், விழவில்லை. மாதம்மாள் இதைக் கவனிக்க. கல்பனா எனக்கு முன்னால் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, என்னைத் தொடாமல் வந்தாள். என் முகம் முழுக்கச் சிரிப்பு இருந்திருக்கும். அவள் அதைப் பார்க்கவில்லை. என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கேட்டேன், எந்த ஊர் பிடித்திருக்கிறது என்று.

"பாத்துக்கலாம்மா."

திரும்பும் வழியில் சண்டிகரில் மறுபடி கேட்டேன்.

"கீழ இருக்குற வசிஷ்டே போதும்மா. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குதில்ல."

"நான் ஆஸ்பத்திரியைக் கேக்கல. ஊரைக் கேட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னாம்மா பண்ணுவேன்?" என்றாள்.

அவள் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்று கேட்பீர்கள். என் கணவருக்கு முப்பது வயதில் வெளிமாநிலத்தில் அவர் விரும்பிய வேலை கிடைத்தது. அவருடைய அம்மா பாப்பாரப்பட்டியை விட்டு வரமாட்டேன் என்றதால் போகவில்லை. அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மொரப்பூருக்கு யாரையாவது ரயிலேற்றப் போனால், வண்டி போனபின்பும் நடைமேடையில் நின்றுகொண்டே இருப்பார். நான் பக்கத்தில் நின்று காத்திருப்பேன். என் மாமியாருக்கு அது கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் தெரியாததுபோல இருக்க என்னால் முடியாது.

இனி, போகிறவர்களுக்கு. பனியில் நடக்கிற காலணியை மணாலியிலேயே வாடகைக்கு எடுங்கள், இங்கிருந்து வாங்கிப் போனது எனக்குப் பயன்படவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள், சாலை மூடினால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். சிசுவில் கையில் ரொக்கம் இருக்கட்டும். தையிலும் மாசி முன்பாதியிலும் அந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழாக்காலம், வெளியாட்களை வரவேண்டாம் என்பார்கள். முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சறுக்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கல்பனா கேட்காததால், கிளம்பும் காலையில் அவள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது நானே டோல்மாவிடம் கேட்டேன். வாசலிலிருந்து சரிவுக்கு எவ்வளவு தூரம்? வேலிக்கு வெளியே வந்தால் சரிவுதான், வண்டி வேண்டாம். பனி எத்தனை மாதம்? மார்கழியில் தொடங்கினால் பங்குனி முடிய. வடக்குப் பார்த்த சரிவில் சித்திரையிலும் கிடக்கும். பனிச்சரிவு அபாயம்? உண்டு. எந்தப் பக்கம், எப்போது போகக்கூடாது என்பது ஊராருக்குத் தெரியும், கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். தனியாக ஒரு பெண் இருக்கலாமா? "நான் இருக்கிறேனே" என்றார் டோல்மா. சித்திரை முடியும்வரை வீட்டை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். வசிஷ்ட் வீட்டுக்காரரும் அதுவரை காத்திருப்பார்.

கல்பனா, இந்த வலைப்பூவை எனக்கு அமைத்துக்கொடுத்தவள் நீ, முதலில் படிப்பவளும் நீதான். நான் உன்னுடன் வருவேனா என்பதை அப்புறம் பேசுவோம். வந்தாலும் என் மாத்திரையை நான் எடுத்துவருவேன், தலை வலித்தால் சொல்வேன். இப்போதைக்கு நான் பாப்பாரப்பட்டியில், நல்ல இடுப்போடு, இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்று வைத்துக்கொள். அப்படியானால் நீ எந்த ஊருக்குப் போவாய்? ஒரு பெயரும் அதற்கு ஒரு காரணமும் போதும். காரணத்தில் ஆஸ்பத்திரி வரக்கூடாது. போனில் வேண்டாம், போனில் நீ "பாத்துக்கலாம்" என்பாய். சித்திரை முடிவதற்குள் எழுதி அனுப்பு.