மேவிஸின் முன்பல்

பேருந்தில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் போதும், க்ளெனிஸ் ஹார்டகர் குனிந்து எட்டிப் பார்ப்பாள். லீட்ஸ் நகரத்தில் பல் வைத்தியர்களுக்கு அடுத்தபடியாக அதிக வாய்களைப் பார்த்தவள் அவள்தான். "ப்ச், பளிங்கு மாதிரி வெச்சிருக்கான். இவன எந்தக் காலத்துக்குன்னு அனுப்புறது?" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போவாள்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு நடிகர்களைப் பொறுக்கியெடுப்பது அவள் தொழில். விக்டோரியா ராணி காலத்து நாவல் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உடுப்பைத் தைத்துக்கொள்ளலாம், குதிரை வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். அந்தக் காலத்து வாய்க்கு எங்கே போவது? தேநீரில் நனைத்த பிஸ்கட் ஒடிந்து உள்ளே விழுந்த பிறகும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள். ஆனால் எந்த நடிகரை எதற்காகக் கூப்பிட்டாள் என்பதை மட்டும் அவரிடமே மூச்சு விடமாட்டாள். "சொன்னேன்னு வையி, அதையே நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் ஒண்ணுத்துக்கும் உதவாது."

இந்த முறை அவள் கூப்பிட்டது மேவிஸ் லம்ப் என்பவளை. இளவயதில் ஒரே நாடகக் குழுவில் இருந்த சிநேகிதி. முன்பல் ஒன்று பாதி ஒடிந்து, பக்கத்துப் பல் அதன்மேல் பழுப்பேறிச் சாய்ந்திருக்கும். அதை மறைக்க, பேசும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வாயைப் பொத்துகிற நடிகைக்கு யார் வசனம் தருவார்கள்? அறுபத்திரண்டு வயதுவரை தட்டு ஏந்தி நிற்கிற வேஷம்தான்.

க்ளெனிஸின் பிறந்தநாளில், கேக்கின் முன்னால், ஒரே ஒரு தடவை அந்தக் கையை எடுத்துவிட்டு மேவிஸ் சிரித்தாள். க்ளெனிஸ் எடுத்த அந்தப் படம்தான் அலுவலகச் சுவரில் ஏறியது. இயக்குநர் ரூபர்ட் சொக்கிப்போனார். அவர் தொடராக எடுக்கவிருந்த நாவலில் கிழட்டுச் சலவைக்காரிக்கு இரண்டே வரி. திரைக்கதை எழுதுகிறவர் படத்தைப் பார்த்துப் பார்த்து அதை நான்கு காட்சியாக வளர்த்துவிட்டார். தொடரே அவள் சிரிப்பில் முடிவதாக மாற்றினார்கள்.

'பெரிய வேஷம், செவ்வாய்க்கிழமை வா' என்று மட்டும் க்ளெனிஸ் தகவல் அனுப்பினாள்.

மேவிஸ் வந்தாள். கையை இறக்கி வைத்துக்கொண்டு, வாய்கொள்ளாமல் சிரித்தாள். வரிசையாக, வெள்ளைவெளேரென்று பல்.

"எப்படிடி இருக்கு? பெரிய வேஷம்னு சொன்னியே, அந்த அசிங்கத்தோடயா வந்து நிப்பேன்? அக்கா விட்டுப்போன மோதிரத்த வித்துட்டேன். இனிமே வாயப் பொத்த வேண்டாம் பாரு."

க்ளெனிஸுக்கு முகம் சுட்டது. ரூபர்ட் அவளைக் கதவுக்கு வெளியே அழைத்துப் போனார். "பல்லுல கறுப்பு பூசினா பூசினதுன்னு தெரியும்ங்க. சலவைக்காரிய மறுபடி ரெண்டு வரியாக்கிடலாம். அதுக்கு யார் வேணா வரட்டும்."

'பல்லைத் தொடாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழில் நுணுக்கம் என்று இத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்டாளே, உள்ளே இருந்தது இதுதான்: உன் அசிங்கம்தான் எனக்கு வேண்டும் என்று ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேவிஸ் சுவரின் முன்னால் நின்றிருந்தாள். படத்தில் அவள் வாயைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அடியில் க்ளெனிஸின் கையெழுத்து: 'இந்தப் பல்லுக்காகவே இவள்.'

"இதுக்குத்தான் கூப்ட்டியா?"

"ஆமாண்டி."

"கேக்கு வெட்டினப்ப எடுத்தது."

"தப்பு என்னுதுதான், மேவிஸ். நான் சொல்லியிருக்கணும்."

மேவிஸ் கோட்டை எடுத்து மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"வரேண்டி," என்றாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.