துடைத்துவிட்ட பொட்டு

என் கணவர் வேலை செய்த தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் விருந்தினர் அறையைக் காலி செய்தபோது, ஒரு பூச்சாடி ஓவியத்தை அவருக்குக் கொடுத்தார்கள். ஆயுத பூசையன்று வண்டி, மிக்சி என்று எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தவர், அதன் மூலையிலும் விரலால் ஒரு பொட்டு வைத்தார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

"இத்த இன்னாத்துக்கு மாட்டி வச்சிக்கினு கீற? பழைய படம்லாம் ஏலத்துல நல்ல வெலைக்குப் போவுது" என்றார் என் அண்ணன். சென்னையில் ஏல மதிப்பு சொல்லும் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினோம். நேரில் எடுத்துவரச் சொன்னார். கறை இருந்தால் விலை குறையுமே என்று, புறப்படும் முன் அந்தப் பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

மதிப்பீட்டாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலையில செவப்பா ஒரு விரல் ரேகை இருந்துச்சேம்மா? படத்துல கையெழுத்து இல்ல, அந்த ரேகை வரைஞ்சவரோடதான்னு பாக்கத்தான் வரச் சொன்னேன்."

"அது எங்க ஊட்டுக்காரர் வச்ச குங்குமம் சார்."

"அப்போ ஏலத்துல இதுக்குப் பெருசா ஒண்ணும் வராதும்மா."

விலை போகாதது எனக்கு வருத்தமில்லை. விரல் ரேகை என்று அவர் சொன்ன பிறகுதான், நான் எதைத் துடைத்தேன் என்பது உறைத்தது. ரயிலில் கும்மிடிப்பூண்டி வரும்வரை அழுதேன்.

இந்த ஆயுத பூசைக்கு வீட்டில் எல்லாவற்றையும் கழுவினேன். என் கணவரின் வண்டியில் மட்டும் தண்ணீர் படவிடவில்லை. அதன் டேங்கில் அவர் வைத்த பொட்டு இருக்கிறது.